புட்டிக்குள் அடங்குமா நம் களைப்பு?

இந்த ஆண்டு மலருக்கு மூலிகையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னவுடன், ஆசிரியர் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர், "அக்கா, ஆதரித்தா, எதிர்த்தா?" என்று கேட்டார். பட்டிமன்றத்தில் வளர்ந்த கழகம் அல்லவா நம்முடையது! எதற்கும் இரண்டு அணி இருந்தாக வேண்டும். "மூலிகைக்கு ஆதரவு, அது நம் பிள்ளைகளிடம் விற்கப்படும் முறைக்கு எதிர்ப்பு" என்றேன். அந்தப் பதிலின் விரிவுரைதான் இக்கட்டுரை.

நான் மருந்தியல் படித்தவள். இதே கழகத்தில் இரண்டு ஆண்டுகள் செயலவையில் இருந்தவள். இப்போது ஒரு மருந்தகத்தில் மருந்தாளராகப் பணிபுரிகிறேன். எங்கள் கடைக்கு அருகில் ஓர் உயர்கல்விக் கூடம் இருப்பதால் மாணவர்கள் அடிக்கடி வருவார்கள். முன்பெல்லாம் தேர்வுக் காலத்தில் அவர்கள் கேட்டு வந்தது தலைவலி மாத்திரையும் வைட்டமின் சியும்தான். இன்று கேட்பது வேறு. அசுவகந்தா இருக்கிறதா, லிங்ஷிக் காப்பி இருக்கிறதா, லயன்ஸ் மேன் காளான் மாத்திரை இருக்கிறதா, தொங்காட் அலி இருக்கிறதா என்கிறார்கள். எதற்கு என்று கேட்டால் ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள்: "ஸ்ட்ரெஸ் அக்கா."

அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனையோ அடங்கியிருக்கின்றன. தேர்வு பயம் இருக்கிறது. கல்விக்கடன் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் நூறு வெள்ளியாவது அனுப்ப வேண்டுமே என்ற கவலை இருக்கிறது. மூன்று நாளாகத் தூக்கம் வரவில்லை என்பது இருக்கிறது. சில வேளைகளில், வாழவே பிடிக்கவில்லை என்பதும் இருக்கிறது. இத்தனைக்கும் ஒரே புட்டியா என்பதுதான் என் கேள்வி.

சொல் எங்கிருந்து வந்தது?

இந்தப் புட்டிகளின் மேல் இப்போது தவறாமல் காணப்படும் சொல், 'அடாப்டோஜென்'. உளைச்சலுக்கேற்ப உடலைத் தகவமைத்துக்கொள்ளச் செய்வது என்று பொருள். சொல்லுக்குப் பக்கத்திலேயே தாடியும் சடையுமாக ஒரு சித்தர் படமும் இருக்கும். பார்ப்பவருக்கு இது ஏதோ பொதிகை மலையிலிருந்து இறங்கி வந்த கருத்து என்று தோன்றும்.

உண்மை அதுவன்று. 1947-இல் நிக்கோலாய் லாசரெவ் என்ற சோவியத் அறிவியலாளர் உருவாக்கிய சொல் அது. அவரைத் தொடர்ந்து இஸ்ரேல் பிரெக்மன் என்பவர், சைபீரிய ஜின்செங் எனப்படும் எலுதெரோகாக்கஸ் செடியை நெடுங்காலம் ஆராய்ந்தார். ஒரு பொருளை அடாப்டோஜென் என்று அழைக்க மூன்று இலக்கணங்கள் வகுக்கப்பட்டன. அது உடலுக்குத் தீங்கு செய்யக்கூடாது. எந்த வகை உளைச்சலாயினும் தாங்கும் ஆற்றலைக் கூட்ட வேண்டும். கூடியதைக் குறைத்தும் குறைந்ததைக் கூட்டியும் உடலைச் சமநிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

அந்த ஆய்வுகளின் நோக்கம் என்ன? களைப்பில்லாமல் கூடுதலாக உழைக்கும் தொழிலாளி, கூடுதலாக ஓடும் விளையாட்டு வீரர், கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும் போர்வீரர். களைத்த மனிதனுக்கு ஏன் களைப்பு வந்தது என்பதை ஆராய்வது அவர்களுடைய வேலையாக இருக்கவில்லை. களைத்தாலும் அவனை வேலையில் நிறுத்துவது எப்படி என்பதே வேலை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

ஐரோப்பிய மருந்து முகமை 2008-இல் இச்சொல்லை ஆராய்ந்து, இதற்கு மருந்தியலில் இன்னும் தெளிவான இடம் கிடைக்கவில்லை, மருந்துக்கு அனுமதி வழங்கும் ஆவணங்களில் இச்சொல்லைப் பயன்படுத்துவது பொருந்தாது என்று கருத்துரைத்தது. ஆக, புட்டியின் மேல் உள்ள சொல் வணிகத்தில் செல்லும். மருத்துவத்தில் அது இன்னும் தேறவில்லை.

மரபு சொன்னதும் புட்டி சொல்வதும்

அசுவகந்தா நமக்குப் புதிதன்று. அமுக்கரா என்ற பெயரில் சித்த மருத்துவம் நெடுங்காலமாக அறிந்து வைத்திருக்கும் கிழங்கு அது. அதன் தாவரவியல் பெயரில் உள்ள 'சோம்னிஃபெரா' என்ற பகுதிக்கே தூக்கம் தருவது என்று பொருள். ஆனால், மரபு அதை எப்படிக் கையாண்டது? கிழங்கை அப்படியே தூளாக்கி விழுங்கச் சொல்லவில்லை. பாலில் அவித்துச் சுத்தி செய்தது. அமுக்கராச் சூரணத்தில் கிராம்பு, ஏலம், மிளகு, திப்பிலி, சுக்கு முதலியவற்றோடு அளவறிந்து சேர்த்தது. கொடுப்பதற்கு முன் மருத்துவர் நாடி பார்த்தார். இன்னாருக்கு இத்தனை நாள், இன்ன துணைமருந்தோடு, இன்ன பத்தியத்தோடு என்று வரையறுத்தார்.

இன்றைய மாத்திரையில் இருப்பது பல மடங்கு செறிவூட்டிய சாறு. நாடி பார்ப்பவர் இல்லை. பத்தியம் இல்லை. நாள் கணக்கு இல்லை. தீர்ந்தால் அடுத்த புட்டி. இதை 'நம் முன்னோர் மருத்துவம்' என்று அழைப்பது முன்னோருக்குச் செய்யும் மரியாதையா?

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரமே உண்டு, 95-ஆவது அதிகாரம். அந்தப் பத்துக் குறள்களில் ஒரு மூலிகையின் பெயர்கூட இல்லை. பெரும்பகுதி உண்ணும் அளவைப் பற்றியது. பிறகு நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்வது பற்றியது. நிறைவாக, மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் என நான்கு பேரால் ஆவது என்கிறார் வள்ளுவர். நாமோ மூவரை விட்டுவிட்டு மருந்தை மட்டும் அஞ்சலில் வரவழைக்கிறோம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

"அப்படியானால் எல்லாம் பொய்யா?" என்று கேட்கலாம். இல்லை. நேர்மையாகச் சொன்னால், சிலவற்றில் உண்மை இருக்கிறது. சொல்லப்படும் அளவுக்கு இல்லை.

முதலில் உளைச்சல் என்றால் என்ன என்று பார்ப்போம். ஹான்ஸ் செல்யே 1936-இல் காட்டியதுபோல, குளிர், காயம், நஞ்சு என எது வந்தாலும் உடல் ஏறக்குறைய ஒரே வகையில் எதிர்வினை புரிகிறது. மூளையின் அடியில் உள்ள ஹைப்போதலாமஸ் ஆணையிட, பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி அனுப்ப, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி கார்டிசோலைச் சுரக்கிறது. கார்டிசோலைப் பகைவனாகக் காட்டும் விளம்பரங்களை நம்பாதீர்கள். காலையில் நம்மை எழுப்பி விடுவதில் அதற்கும் பங்குண்டு. ஓயாமல் சுரந்துகொண்டிருந்தால்தான் தொல்லை.

அமுக்கராவை எடுத்துக்கொள்வோம். 2012-இல் இந்தியாவில் வெளிவந்த ஓர் ஆய்வில் 64 பேர் பங்கேற்றனர். ஒரு பாதியினருக்கு 300 மில்லிகிராம் சாறு நாளுக்கு இருமுறை. மறுபாதியினருக்கு வெறும் போலி மாத்திரை. 60 நாளில் சாறு உண்டவர்களின் உளைச்சல் மதிப்பெண்ணும் கார்டிசோல் அளவும் குறைந்தன. அதற்குப் பின் வந்த வேறு சில ஆய்வுகளும் உளைச்சலிலும் தூக்கத்திலும் ஓரளவு பலன் காட்டின. ஆனால், பெரும்பாலானவை சிறிய ஆய்வுகள். சில வாரங்களே நீடித்தவை. மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து உண்டால் என்ன ஆகும் என்பதற்குப் போதிய சான்று இல்லை.

தொங்காட் அலியைப் பற்றி 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. 63 பேர், நான்கு வாரம். கார்டிசோல் குறைந்ததாகச் சொன்னது. ஆனால், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021-இல் அதன் வேர்ச்சாற்றை ஆராய்ந்து, மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்ற ஐயம் இருப்பதால் அது பாதுகாப்பானது என்று உறுதிகூற முடியாது என்றது. நம் நாட்டுக் காட்டுச் செடி என்ற பெருமை எனக்கும் உண்டு. பெருமை வேறு, பாதுகாப்பு வேறு.

அடுத்து, காளான்கள். சிங்கத்தின் பிடரிபோல் வெண்ணிற இழைகள் தொங்கும் 'லயன்ஸ் மேன்' காளானை மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே ஆராய்ந்திருக்கிறார்கள். பேராசிரியர் விக்னேஸ்வரி சபாரத்தினம் இடம்பெற்ற குழு, நசுக்கப்பட்ட எலியின் கால் நரம்பு மீள்வதற்கு இக்காளானின் நீர்ச்சாறு துணைபுரிந்ததை 2011-இல் வெளியிட்டது. நாம் பெருமைப்பட வேண்டிய பணி. ஆனால், எலியின் காலிலிருந்து மாணவனின் தேர்வு மேசைவரை தூரம் அதிகம். அத்தூரத்தை ஆய்வாளர்கள் தாண்டவில்லை. விளம்பரம் எழுதுபவர்கள் ஒரே தாவலில் தாண்டிவிட்டார்கள். 2009-இல் ஜப்பானில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 30 பேரிடம் செய்த ஆய்வில் நினைவாற்றல் சற்றுக் கூடியது. உண்பதை நிறுத்திய நான்கு வாரத்தில் அது மீண்டும் குறைந்தது. அவர்கள் ஏற்கெனவே மறதித் தொல்லை தொடங்கியிருந்த முதியவர்கள். இருபது வயது மாணவனுக்கு அது எப்படிப் பொருந்தும்?

லிங்ஷிக் காளான் நம் மக்களிடையே காப்பியாகவே நுழைந்துவிட்டது. புற்றுநோய்க்கு முதல்நிலைச் சிகிச்சையாக அதைப் பயன்படுத்தப் போதிய சான்றில்லை என்று காக்ரேன் அமைப்பின் 2012-ஆம் ஆண்டு ஆய்வுத் தொகுப்பு கூறியது. நீரிழிவு உள்ளவர்களின் இதயநோய் அபாயத்தைக் குறைப்பதற்கும் சான்றில்லை என்று 2015-இல் வந்த மற்றொரு தொகுப்பு கூறியது. இருந்தும், "எல்லா நோய்க்கும் ஒரே காளான்" என்று நம் திருமண மண்டபங்களில் இன்றும் கேட்கலாம். நம் காடுகளின் புலிப்பால் காளானோ பூர்வகுடி மக்கள் இருமலுக்கும் மூச்சிரைப்புக்கும் பயன்படுத்தி வந்தது. அதையும் இன்று சிலர் மன உளைச்சலுக்கு விற்கிறார்கள். அம்மக்கள் அதற்காக அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை என்றால், மரபின் பெயர் அங்கே எதற்கு?

'இயற்கை' என்றால் கேடில்லையா?

மாணவி ஒருவர் ஒரு நாள் எங்கள் கடைக்கு வந்தார். கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, தூக்கமே இல்லை, தேர்வு பயம் போலிருக்கிறது, இன்னும் 'ஸ்ட்ராங்'காக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். என்ன உண்கிறீர்கள் என்று விசாரித்தேன். தைராய்டு குறைபாட்டுக்கு மருத்துவமனை கொடுத்த மாத்திரை. அதோடு, விடுதியில் ஒரு சீனியர் விற்ற அசுவகந்தா, இரண்டு மாதமாக. "இது மருந்து இல்லைதானே அக்கா, மூலிகைதானே?" என்றார்.

அமுக்கரா தைராய்டு சுரப்பின் அளவைக் கூட்டக்கூடும். ஏற்கெனவே அதற்கு மாத்திரை உண்பவருக்கு அது அளவு மீறிப் போகலாம். அந்தத் தங்கையிடம் எதையும் விற்கவில்லை. புட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்குமாறு அனுப்பினேன். இரத்தப் பரிசோதனையில் தைராய்டு அளவு கூடியிருந்தது. அமுக்கராவை நிறுத்திய சில வாரங்களில் படபடப்பும் அடங்கியது. அவருக்கு அதை விற்ற சீனியர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவரும் கல்விக்கடனில் படிப்பவர். மாதக் கணக்கை எட்டப் புட்டி விற்பவர். ஆனால், அவர் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வியை, "வேறு மருந்து உண்கிறாயா?" என்பதை, அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. விற்கக் கற்றுத்தந்தார்கள்.

இது ஒருவரின் கதை மட்டுமன்று. அமுக்கரா உண்ட ஐவருக்குக் கல்லீரல் பாதிப்பு ஏற்பட்டதை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் 2020-இல் பதிவு செய்தனர். இது அரிது, ஆனால் உண்டு. டென்மார்க் நாடு 2023-இல் அமுக்கராவுக்குத் தடையே விதித்தது. அந்தத் தடை மிகையானது என்று இந்திய அறிஞர்கள் பலர் மறுக்கிறார்கள். நானும் அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும், கருவுற்றவர்கள், தைராய்டு அல்லது கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், தூக்க மாத்திரை உண்பவர்கள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது என்பதில் பெரிய கருத்து வேற்றுமை இல்லை. லிங்ஷியும் இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்களுக்கு ஆபத்தாகலாம். வேலை செய்யும் பொருள் எதுவானாலும் வேண்டாத வேலையும் செய்யும். பக்க விளைவே இல்லை என்று ஒருவர் சத்தியம் செய்தால், அது வேலையும் செய்யாது என்றுதான் பொருள்.

வாங்கத்தான் வேண்டும் என்றால்

விவரம் அறிந்து, தன் பணத்தில், தன் விருப்பத்தில் வாங்குபவரைத் தடுக்க நான் யார்? அவருக்குச் சில குறிப்புகள் மட்டும்.

நம் நாட்டில் மரபு மருந்துகளைத் தேசிய மருந்தக ஒழுங்குமுறைப் பிரிவில் பதிவு செய்ய வேண்டும். புட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கி, எட்டு இலக்கங்கள் வந்து, 'டி' என்ற எழுத்தில் முடியும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை அப்பிரிவின் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அந்த எண் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்ததற்கு அடையாளம். கன உலோகமும் கிருமியும் அளவுக்குள் இருக்கின்றனவா என்பன போன்றவை. பெரிய மருத்துவ ஆய்வில் பலன் மெய்ப்பிக்கப்பட்டது என்று அதற்குப் பொருளில்லை. காப்பித் தூள்கள் பெரும்பாலும் உணவுப் பொருளாகவே விற்கப்படுகின்றன. நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல அவற்றுக்கு உரிமையே இல்லை. மரபு மருந்து என்ற பெயரில் ஸ்டீராய்டும் ஆண்மைக் குறைவு மருந்தும் கலந்து விற்றுப் பிடிபட்ட பொருள்கள் பற்றி அப்பிரிவு அவ்வப்போது அறிவிப்பு வெளியிடுகிறது. அதைப் படியுங்கள்.

ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேல் தொடங்காதீர்கள். தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். எட்டு வாரத்தில் பலனில்லை என்றால் நிறுத்துங்கள். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்தாலோ, உடல் அரித்தாலோ அன்றே நிறுத்தி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் புட்டியைக் காட்டுங்கள். வல்லாரைத் துவையலுக்கும் துளசி நீருக்கும் இஞ்சித் தேநீருக்கும் இவ்வளவு எச்சரிக்கை தேவையில்லை. அவை சமையலறையின் அளவில் இருக்கும்வரை நலம்.

நான் உண்மையில் அஞ்சுவது

இதுவரை சொன்னது மருந்தாளராக. இனிச் சொல்வது கழகத்தின் பழைய உறுப்பினராக.

அந்தப் புட்டிகள் 60 வெள்ளியிலிருந்து 150 வெள்ளிவரை விற்கின்றன. வாங்குபவர் யார்? காலையில் விரிவுரை, மாலையில் கழகப் பணி, இரவில் உணவுக்கடையில் வேலை, நள்ளிரவுக்குப் பின் ஒப்படைப்பு என்று ஓடும் மாணவர். அவருடைய கார்டிசோல் கூடியிருக்கிறது என்றால் அது நோயா? இரவு இரண்டு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழுபவருக்கு உடல் களைக்காமல் இருந்தால்தான் வியப்பு. அந்த 100 வெள்ளி அவர் கையில் இருந்தால் இரண்டு இரவு வேலைக்குப் போகாமல் தூங்கியிருப்பார். மருந்து வாங்க வேலை, வேலை செய்யக் களைப்பு, களைப்புக்கு மருந்து. செக்கு மாட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

சோவியத் ஆய்வாளர்களின் நோக்கத்தை முன்பு குறிப்பிட்டேனே, அது இங்கேதான் பொருந்துகிறது. களைத்தவனை வேலையில் நிறுத்தி வைக்கும் வழி தேடுபவர்கள் எக்காலத்திலும் உண்டு. நம் முன்னோர் உழைத்த தோட்டங்களில் அதற்குக் கள்ளுக்கடை இருந்தது. காளானும் கள்ளும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், களைப்பின் காரணத்தைக் கேட்கவிடாமல் களைப்பை மட்டும் மறக்கச் செய்வதில் ஓர் உறவு இருக்கிறது. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவர்களுக்கு இரண்டுக்கும் உள்ள தொடர்பு விளங்கியது. பட்டப்படிப்புப் படிக்கும் நமக்கு விளங்க வேண்டாமா?

இன்னொன்றும் இருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ பத்து இலட்சம் பேருக்கு மனச்சோர்வு நோய் இருந்தது. 2019-இல் பெரியவர்களிடையே இது 2.3 விழுக்காடாக இருந்தது. மனச்சோர்வு என்பது தேர்வுக் களைப்பன்று. அது மருத்துவரும் மனநல ஆலோசகரும் கவனிக்க வேண்டிய நோய். அதற்கும் 'ஸ்ட்ரெஸ்' என்று பெயர்சூட்டி ஒரு புட்டியை நீட்டினால், உதவி கிடைத்திருக்க வேண்டிய மாதங்கள் வீணாகின்றன. புட்டி தீரும்வரை காத்திருப்போம் என்று நினைக்கும் பிள்ளைக்குக் காத்திருக்க நேரம் இருக்கிறதா என்பது யாருக்குத் தெரியும்? தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. உதவி கேட்பதால் யாரும் குற்றவாளி ஆவதில்லை. சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை ஒவ்வொருவரும் கைப்பேசியில் சேமித்து வைக்க வேண்டும். தனக்குத் தேவைப்படாவிட்டாலும் அறைத்தோழருக்குத் தேவைப்படலாம்.

"நம் மரபை நாமே குறை சொல்லலாமா?" என்று சிலர் வருந்தலாம். "ஆங்கில மருந்து நிறுவனங்கள் மட்டும் தருமத்துக்கா நடத்துகின்றன?" என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள். ஆங்கில மருந்தாயினும் ஆய்வு எங்கே, அளவு என்ன, யாருக்கு ஆகாது என்று கேட்கத்தான் பல்கலைக்கழகம் நமக்குக் கற்றுக்கொடுத்தது. அதே கேள்வியை அமுக்கராவிடமும் கேட்பதுதான் அதற்கு நாம் தரும் சம மரியாதை. கேள்வி கேட்காமல் வணங்கப்படும் மரபு பெட்டியின் மேல் படமாகத்தான் மிஞ்சும். சித்த மருத்துவத்தை முறையாகப் பயின்ற மருத்துவரிடம் சென்று நாடி பார்த்து மருந்து வாங்குபவரை நான் ஒருநாளும் தடுக்க மாட்டேன். அவர் மரபை வாங்குகிறார். மற்றவர் வெறும் புட்டியை வாங்குகிறார்.

கழகம் என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. அதனால் செயலவைத் தம்பி தங்கைகளுக்கு நான்கு யோசனைகளை முன்வைக்கிறேன்.

ஒன்று: கழகத்தின் நிகழ்ச்சிகளிலும் புலனக் குழுக்களிலும் உடல்நலப் பொருள் விற்பனையைத் தடை செய்யுங்கள். சீனியர் சொன்னால் முதலாம் ஆண்டு மாணவரால் மறுக்க முடியாது. அண்ணன், அக்கா என்ற உறவை நாம் வளர்த்தது அதற்காக அன்று.

இரண்டு: புதிய மாணவர் அறிமுக நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஆலோசனைப் பிரிவு எந்தக் கட்டடத்தில், எந்த மாடியில் இருக்கிறது, எப்படிப் பதிவு செய்வது, பணத்துக்கு இடர் வந்தால் எந்த உதவிநிதிக்கு விண்ணப்பிப்பது என்பதை நேரில் அழைத்துச் சென்று காட்டுங்கள். வழி தெரியாததாலேயே போகாதவர்கள் பலர்.

மூன்று: வள்ளுவர் சொன்ன நான்காமவரை, உடனிருந்து பார்ப்பவரை, உருவாக்குங்கள். ஒவ்வொரு புதிய மாணவருக்கும் ஒரு மூத்த மாணவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு தேநீர், "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்ற இரண்டு கேள்விகள். இதற்குச் செலவு இரண்டு கிளாஸ் தே தாரிக். நம்மைப் போன்ற பழைய மாணவர்களும் இதில் சேரலாம். ஆண்டு விருந்துக்கு மட்டும் வந்து போவது போதாது.

நான்கு: இதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் தயக்கம். கழகக் கூட்டங்களை இரவு பதினொன்றுக்குக் கூட்டாதீர்கள். கலைவிழா ஒத்திகையை விடியற்காலை இரண்டு மணிவரை இழுக்காதீர்கள். தமிழுக்காகத் தூக்கத்தைத் துறந்தோம் என்று மேடையில் சொல்லும்போது கைத்தட்டல் கிடைக்கும். ஆனால், மறுநாள் எட்டு மணி விரிவுரையில் தலை சாய்ந்து உட்கார்ந்திருப்பவரும் ஒரு தமிழ் மாணவர்தான். இரவு பத்து மணிக்குள் எல்லா ஒத்திகையும் முடியும் என்று ஒரு விதி செய்யுங்கள். மேடையில் ஒரு நடனம் குறைந்தால் தமிழ் குறைந்துவிடாது.

இந்த நான்கில் எதற்கும் பதிவெண் வேண்டியதில்லை. பக்க விளைவும் இல்லை. அடுத்த செயலவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவற்றுள் ஒன்றையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தைப் பகலில் வையுங்கள்.